எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தடம்: பள்ளிக்கூடத்தை ஒட்டி விளையாட்டுத் திடல் அமைக்கும் முறை

என் மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள் மதிய இடைவேளையில் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். மற்ற பிள்ளைகள் மைதானத்தில். இவள் தாழ்வாரத்துத் தூணுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில். சுற்றிலும் இருபது முப்பது ஜோடிச் செருப்பு. "நாந்தானுங்கப்பா எல்லாத்தோட செருப்பையும் பாத்துக்குவேன்" என்றாள். முகத்தில் அத்தனை பெருமை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மைதானத்தில் சறுக்கல் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, ராட்டினமும் இருந்தது. யாரோ படப் புத்தகத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்து வாங்கி, கான்கிரீட்டில் நட்டுவிட்டுப் போன இரும்புச் சாமான்கள். பங்குனி, சித்திரையில் பகல் பன்னிரண்டுக்கு அந்தத் தகரச் சறுக்கலில் கை வைத்துப் பாருங்கள், தெரியும். நடக்க முடிந்த பிள்ளைக்கே பாதி நாள் உதவாத இடம் அது. என் மகளுக்கு அங்கே போகத் தடமே இல்லை.

நான் டிப்ளமோ சிவில் படித்தவன். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் 24 வருடமாக வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். பள்ளியை ஒட்டி 38 சென்ட் புறம்போக்கு சும்மா கிடந்தது. ஊரும் பெற்றோரும் சேர்ந்து அதைத் திடலாக்கினோம். செய்து பார்த்து, தப்பாகி, பிரித்து மறுபடி செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் செய்யலாம்.

முதல் வேலை பார்ப்பது

பிளான் போடும் முன்னால் ஒரு வாரம் இடைவேளை நேரத்தில் போய்ச் சும்மா உட்காருங்கள். பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, இரும்புச் சாமான் பக்கம் போனவர்களைவிட வேலியோரம் வெங்கச்சாங்கல் பொறுக்கியவர்களும், குழாயடியில் வாய்க்கால் வெட்டியவர்களும், வேப்ப மரத்து வேரில் உட்கார்ந்து பேசியவர்களும்தான் அதிகம். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே தினமும் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, எந்தப் பிள்ளைக்கு என்ன சிரமம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7தான் இருந்தன. சக்கர நாற்காலி மட்டும் கணக்கில்லை. எங்கள் பள்ளியில் காது கேளாத பையன் ஒருவன், பார்வை மங்கலான பையன் ஒருவன், கூட்டமும் சத்தமும் சேர்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு அழும் ஆட்டிசம் உள்ள சிறுமி ஒருத்தி. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். அவர்களை ஒரு நாள் இடத்துக்கே வரவழைத்துக் காட்டுங்கள். என் மகளுக்கு முதுகுத் தாங்கல் இல்லாத எந்த ஊஞ்சலும் உதவாது என்று அந்த மருத்துவர் சொன்ன பிறகுதான், பெற்ற எனக்கே தெரிந்தது.

வெயிலும் காற்றும்

ஒரு முளைக்குச்சியும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும். காலை 11, மதியம் 1, மாலை 4 மணிக்கு எங்கெல்லாம் நிழல் விழுகிறது என்று தரையில் கோடு போடுங்கள். பிள்ளைகள் வெளியே வரும் நேரம் இந்த மூன்றும்தான். சறுக்கல், மணல்குழி, பெரியவர்கள் உட்காரும் திண்ணை மூன்றையும் இந்த நிழலுக்குள் அடக்குங்கள். சறுக்கலின் முகம் வடக்கே பார்த்து இருக்கட்டும்.

காற்றை நம் பக்கத்து ஆட்கள் மறக்கவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று நம் காடுகளில் காற்றாலையைச் சுற்றவைக்கிற காற்று. மணல்குழியை மேற்கே வைத்தால் ஒரே ஆடியில் பாதி மணல் பிள்ளைகள் கண்ணுக்குள்ளும் மீதி சத்துணவுக் கூடத்துக்குள்ளும் போய்விடும். எனவே மேற்குப் பக்கம் முழுக்க மரமும் உயிர்வேலியும். மணல்குழி கிழக்கே, மேட்டின் மறைவில்.

இதற்கு மாதிரி தேடி நாங்கள் எங்கேயும் போகவில்லை. காங்கயம், தாராபுரம் பக்கம் நம் முன்னோர் வைத்திருந்த மேய்ச்சல் காடான கொறங்காடே மாதிரி. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். மாடு கட்டாமல் மேயும், வேலி காக்கும், மரம் நிழல் தரும். அந்த அடுக்கையே பிள்ளைகளுக்கு மாற்றிக்கொண்டோம். ஒரே ஒரு எச்சரிக்கை: வெள்வேலுக்கு முள் உண்டு. மேற்கு ஓரத்தில் காற்றுக்கு மட்டும் வையுங்கள். தடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சக்கர நாற்காலி டியூப் வாரம் ஒரு முறை பஞ்சர். நெருஞ்சியும் அப்படியே, காய் விடும் முன் பிடுங்கிவிட வேண்டும்.

காகிதத்துக்கு முன் தரையில்

நான் பிளான் போட்டுப் பிழைக்கிறவன். ஆனாலும் சொல்கிறேன், காகிதத்தைக் காட்டினால் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கோலப்பொடியை எடுத்து நேராக இடத்திலேயே முழு அளவில் வரையுங்கள். இது தடம், இது மேடு, இது மணல்குழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை விட்டு ஓடச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியையும் அந்தக் கோட்டுக்குள் தள்ளிப் பாருங்கள். என் மகள் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் சக்கரம் கோட்டை அழித்துக்கொண்டே போனது. நான் 4 அடி வட்டம் போட்டிருந்தேன். நாற்காலி முழுவதும் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். அழிந்த கோலப்பொடி ஐந்து நிமிடத்தில் அதைக் காட்டிக் கொடுத்தது.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வாஞ்சையோடு சொன்னார்: "அந்தப் புள்ளைக்குத் தனியா ஒரு ஓரத்துல நெழலாச் செஞ்சு குடுத்தறலாமுங்க தம்பி." நல்ல மனசு. ஆனால் அந்த ஓரம்தான் செருப்பு பார்க்கிற ஓரம். தனி ஓரம் வேண்டாம். மேலே போக எல்லாருக்கும் ஒரே தடம். இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள், மற்ற எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பண்ணுங்கள்.

இட்டேரியும் மேடும்

தடத்தை நாங்கள் இட்டேரி என்றுதான் கூப்பிடுகிறோம். காட்டுக்குப் போகும் இட்டேரி மாதிரியே வளைந்து வளைந்து, இருபுறமும் செடியோடு. அகலம் 6 அடி. எதிரெதிரே இரண்டு நாற்காலி வந்தாலும் ஒதுங்க வேண்டியதில்லை. இடமில்லாத வளைவில் 4 அடிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். வாசல் கேட்டில் 3 அடிக்குக் குறையாத வழி வேண்டும். பைக் வராமல் இருக்கக் குறுக்கே கம்பி நடுவார்கள், அந்தக் கம்பி முதலில் தடுப்பது சக்கர நாற்காலியைத்தான்.

தடத்துக்கு முதலில் கிராவல் கொட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழை ஒன்று பெய்ததும் சக்கரம் நாலு விரல் புதைந்தது. அத்தனையும் வாரிவிட்டு, சலித்த செம்மண் 12 சட்டிக்குச் சிமெண்ட் 1 சட்டி கலந்து, தண்ணீர் தெளித்து, 4 அங்குலக் கனத்துக்குத் திமிசு போட்டு இறுக்கினோம். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். நிறம் மண் நிறம், கால் வைத்தால் சுடுவது கம்மி, சக்கரம் புதைவதில்லை. பட்டியக்கல் பரப்பலாமே என்பார்கள். இணைப்பு ஒவ்வொன்றும் சக்கரத்துக்கு ஒரு குலுக்கல். முதுகு வலு இல்லாத பிள்ளைக்கு அது பெரிய வேதனை.

தடத்தின் இரண்டு ஓரத்திலும் கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்தோம். பார்வை மங்கலான பையனுக்கு அந்த வெள்ளைக் கோடே கைகாட்டி. விளையாட்டு வரும் இடத்துக்கு 3 அடி முன்னால் தரையைச் சொரசொரப்பாகக் கீறிவிட்டோம், பாதத்துக்கே தெரியும். ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு முதல் நாள், காப்புக்கட்டு அன்றைக்குப் பிள்ளைகளே சுண்ணாம்பைப் புதுப்பிக்கிறார்கள்.

இனி மேடு. இந்தத் திடலின் உயிர் இதுதான். ஏணி வைத்த சறுக்கலில் என் மகள் ஏறவே முடியாது. மண்ணை மேடாகக் குவித்துச் சறுக்கலை அதன் சரிவிலேயே படுக்கவைத்தால் ஏணி வேண்டாம், உயரத்திலிருந்து கீழே விழும் பயமும் இல்லை. எங்கள் மேட்டின் உயரம் 4 அடி. சரிவுக்கு அளவு 1:12, அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம். 4 அடி ஏற 48 அடி. நேராக விட்டால் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் தடத்தை மேட்டைச் சுற்றி விட்டோம். தடத்தின் உள் ஓரம் மையத்திலிருந்து 9 அடி. ஒரு சுற்று 56 அடி வரும். அதில் 48 அடி ஏற்றம், பாதி வழியில் மூச்சு வாங்க 5 அடி சமதளம், மிச்சம் உச்சியோடு சேரும் இடம்.

இங்கே கொத்தனார்கள் பண்ணும் தப்பு ஒன்று உண்டு. நீளத்தைத் தடத்தின் நடுவில் அளப்பார்கள். வளைந்த தடத்தில் உள் ஓரம் நீளம் குறைவு, அதனால் அங்கே சரிவு கூடுதல். உள் ஓரத்தில் அளந்து 1:12 வந்தால்தான் எங்கேயும் வரும். நூல் பிடித்து, ட்யூப் மட்டம் வைத்து, 4 அடிக்கு ஒரு முளை அடித்தோம். ஒவ்வொரு முளையும் முந்தையதைவிட 4 அங்குலம் மேலே. முளை சரியாக நின்றால் தடம் சரியாக நிற்கும்.

மண்ணை ஒரேயடியாகக் குவிக்காதீர்கள். அரை அடி கொட்டி, நனைத்து, இடித்து, அப்புறம் அடுத்த அரை அடி. ஒரு மழைக்காலம் அமரவிட்டுப் பிறகு தடம் போட்டால் வெடிக்காது. சரிவுக்குக் கொழுக்கட்டைப்புல் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பி இரண்டு உயரத்தில் வேண்டும், 3 அடியில் தாத்தா பாட்டிக்கு, 2 அடி சொச்சத்தில் பிள்ளைகளுக்கு. சறுக்கலை மெருகு போட்ட மொசைக்கில் செய்தோம், தகரம் அளவுக்குச் சுடாது. மேலே நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்கார 16 அங்குலத் திண்ணை ஒன்று. கீழே இறங்கியதும் இன்னொன்று. நாற்காலியை யாராவது கீழே கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள்.

மேடு முடிந்த அன்று என் மகள் தானாகவே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். நடுச் சமதளத்தில் நின்றாள். பின்னால் கூட்டம். யாரும் தள்ளவில்லை, ஒருத்தரும் அவசரப்படவில்லை. உச்சிக்குப் போனதும் திரும்பி, "அப்பா, நம்மூட்டு மாட்டுக் கொட்டாய் தெரியுதுங்க" என்றாள். எட்டு வயது வரைக்கும் அவள் எதையும் மேலிருந்து பார்த்ததில்லை.

மணல், தண்ணீர், தூரி

மணல்குழி 12க்கு 12 அடி, ஆழம் ஒன்றரை அடி. 216 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடி என்று பார்த்தால் 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அடியில் அரை ஜல்லி பரப்பி, மேலே சாக்குத் துணி விரித்து மணல் கொட்டினால் தண்ணீர் நிற்காது. எம் சாண்ட் வேண்டாம். அதன் மணி கூர்மையானது, தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. அனுமதி பெற்ற இடத்தில் ஆற்று மணல் வாங்குங்கள். ஒரு பக்கத்து ஓரத்தைத் திண்ணையாகக் கட்டினால் நாற்காலியிலிருந்து நகர்ந்து இறங்கலாம். சாயங்காலம் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊர்ப் பூனைக்கெல்லாம் கக்கூஸ்.

தண்ணீர் விளையாட்டுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பழைய தோட்டத்தில் கிடந்த கல்தொட்டி இரண்டை வாங்கி உயரத்தில் வைத்தோம், கீழே சக்கர நாற்காலிக்காரரின் முழங்கால் நுழைய 24 அங்குலம் விட்டு. தொட்டியிலிருந்து சின்ன வாய்க்கால், மூன்று மடை, முடிவில் ஒரு பாத்தி. மடை திறப்பதும் அடைப்பதும்தான் விளையாட்டு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. பொழுது சாய்ந்ததும் தொட்டித் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் ஒரு வாரம் நின்றால் டெங்குக் கொசுவுக்குப் போதும். பாத்தியில் துளசி, மரிக்கொழுந்து. பார்வை மங்கலான பையன் வாசத்தை வைத்து வழி சொல்கிறான்.

ஊஞ்சலை நாங்கள் தூரி என்போம். ஆடி நோம்பிக்கு மரத்தில் கட்டுவதுதான். திடலில் மூன்று வகை. சாதாரணப் பலகை ஒன்று. நாலைந்து பேர் சேர்ந்து படுத்து ஆடும் வட்டக் கூடை ஒன்று. உடம்பை முழுக்கச் சுற்றி அணைத்துக்கொள்ளும் துணித் தூரி ஒன்று, தொட்டில் மாதிரி. சத்தத்துக்குப் பயப்படும் அந்தச் சிறுமி துணித் தூரிக்குள் போனால் பத்து நிமிடத்தில் தெளிந்து வெளியே வருகிறாள். அதனால் அதைக் கூட்டத்திலிருந்து தள்ளி, புங்க மரத்தடியில் கட்டினோம். மறைவாக இருக்க வேண்டும், ஆனால் டீச்சர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தூரிக்கு இடம் விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. கட்டும் உயரம் 7 அடி என்றால் முன்னால் 14 அடி, பின்னால் 14 அடி காலியாக இருக்க வேண்டும். கீழே விழுந்தால் தாங்க, நார் மில்லில் கிடைக்கும் தேங்காய் மட்டைத் துண்டு. ஒரு அடி கொட்டினால் மிதிபட்டு முக்கால் அடியாக அமரும், அதற்குக் கீழே போகவிடாதீர்கள். மட்டைத் துண்டில் சக்கரம் ஓடாது. எனவே தடத்திலிருந்து கூடைத் தூரி வரைக்கும் மாட்டுக் கொட்டகைக்குப் போடும் ரப்பர் பாயை விரித்தோம். அதைவிட மலிவாக இந்த வேலைக்கு வேறொன்றும் நான் பார்க்கவில்லை.

எந்தக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே உள்ள சந்து 3.5 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 9 அங்குலத்துக்கு மேலே. நடுவில் உள்ள அளவில் பிள்ளையின் உடம்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். வெல்டிங் பட்டறையில் சொல்லும்போதே இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதிவிட்டு வாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது விளையாட்டுக் கற்கள். அம்மி கொத்துகிற ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, பட்டியக்கல் ஒன்றில் ஆடுபுலி ஆட்டக் கோட்டையும், இன்னொன்றில் பல்லாங்குழியின் 14 குழியையும் கொத்தச் சொன்னோம். கோட்டை விரல் நுழையும் ஆழத்துக்குக் கொத்தினார். 3 புலிக்கும் 15 ஆட்டுக்கும் வேறு வேறு வடிவக் காய், புலி கூம்பாக, ஆடு தட்டையாக. பார்வை மங்கலான பையன் விரலால் தடவியே ஆடுகிறான். காது கேளாதவனும் இவனும் எதிரெதிரே உட்கார்ந்து ஆட்டத்தில் மூழ்கிவிட்டால் மணி அடிப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. அதற்காக இடைவேளை முடியும்போது கொடிக் கம்பத்தில் ஒரு மஞ்சள் துணியை ஏற்றுகிறோம், தூரத்திலிருந்து தெரியும். அதைப் பார்க்கிறவன் மற்றவன் கையைத் தட்டுகிறான். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும், குன்றிமணி வேண்டாம். கடித்து விழுங்கினால் விஷம்.

மரம், செடி

புரட்டாசி கடைசியில் நட்டுவிடுங்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். நிழலுக்குப் புங்கனும் வேம்பும். பூவரசை ஆள் உயரப் போத்தாக வெட்டி நட்டாலே தழைந்துவிடும், இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதப் பிள்ளைகளுக்குப் பொருளும் ஆச்சு. இரண்டு பனங்கொட்டையும் ஓரத்தில் போட்டுவையுங்கள், அவர்களின் பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி ஓட்ட ஆகும். வெளிவேலிக்குக் கிளுவைப் போத்து, அதுவும் முள்தான், தடத்துக்கு 5 அடி தள்ளி. உள்வேலிக்கு ஆடாதோடையும் நொச்சியும். இரண்டையும் ஆடு கடிக்காது. மற்ற கன்றுகளுக்கெல்லாம் இரண்டு கோடை தாண்டும் வரை கூண்டும் தண்ணீரும் கட்டாயம்.

நடவே கூடாதவை: அரளி, மஞ்சள் அரளி, காட்டாமணக்கு, ஆமணக்கு, ஊமத்தை. காட்டாமணக்குக் கொட்டையைத் தின்று வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. முருங்கையும் வேண்டாம், ஏறினால் சடக்கென்று முறியும்.

கற்களைச் சும்மா குவித்து வைக்காதீர்கள், தேளும் பாம்பும் குடிவரும். சந்தில் மண் அடைத்துப் பதியுங்கள். தடத்தின் இருபுறமும் 3 அடிக்குப் புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள்.

ஊரைச் சேர்ப்பது

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக்கு விளையாட்டிடம் இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான். குழுவில் தீர்மானம் போட்டு, கிராம சபையிலும் வையுங்கள். புறம்போக்கு என்றால் சர்வேயரை வைத்து எல்லையை அளந்து கல் நட்ட பிறகே கை வையுங்கள். எங்களுக்கு முக்கால்வாசிப் பொருள் பணமாக வரவில்லை. மண் ஒருவர் டிராக்டரில் வந்தது, கல்தூண் இன்னொருவர் பழைய வேலியில் இருந்து வந்தது, ரப்பர் பாய் ஒரு மாட்டுப் பண்ணையில் கழித்துப் போட்டது.

பள்ளி விட்ட பிறகு ஊருக்குத் திறந்திருக்க வேண்டும். சாயங்காலம் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய காவல் இல்லை. அதற்காகவே நிழலில் முதுகு சாய்கிற திண்ணை கட்டினோம். இருட்டியதும் பூட்டு, சாவி எதிர்வீட்டில். ஆரம்பத்தில் பூட்டாமல் விட்டோம். ஒரு நாள் காலை மணலுக்குள் பாட்டில் சில்லு கிடந்தது, ஒரு பையனின் பாதம் கிழிந்தது. அதிலிருந்து தினமும் காலையில் மணலை வாரியால் கிண்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளை விடுகிறோம். மாதம் ஒரு முறை ரப்பர் பாயைத் தூக்கி அடியில் பூச்சி பார்க்கிறோம். தூரிக் கயிறும் கொக்கியும் வைகாசியில் ஒரு முறை, ஆடிக் காற்று முடிந்த பிறகு ஒரு முறை. கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றைக்கே கழற்றி, புதுக் கயிறு வரும் வரைக்கும் தூரியைக் கட்ட மாட்டோம்.